இயங்குதளம் மாறும்போது சொந்தக் கோப்புகளைக் கொண்டுசெல்லுதல்: பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிய பின்னும் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலய மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டு, வருபவர்களின் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். 1917ஆம் ஆண்டில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோட்டம் உருவான தென்னமரம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதுபோன்ற தோட்டங்களின் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள், பழைய நிழற்படங்களையும் பள்ளிச் சான்றிதழ்களையும் திருவிழாக் கணக்குகளையும் வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துக் கணினியில் சேர்த்து வைத்திருக்கின்றன. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை விண்டோஸிலிருந்து இலவச லினக்ஸுக்கோ ஆப்பிளின் மேக்குக்கோ புதிய விண்டோஸுக்கோ மாற்றும் நாளில் அவற்றில் எது தங்கும், எது தொலையும் என்பதுதான் என் மேசைக்கு வரும் பெரும்பாலான கேள்விகளின் சாரம். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதாமே, என் கோப்புகள் அழிந்துவிடுமா?

அழியா. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்தியது. தனிப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. கணினி அதன் பிறகும் முன்போலவே இயங்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவைப்படுவதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை. அவற்றை லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளுக்கு மாற்றிக்கொள்ளப் பலர் வருகிறார்கள். அவசரம் வேண்டாம் என்பதே நான் அவர்களுக்கு முதலில் சொல்வது. ஒரு மாலைப் பொழுதில் பதற்றத்தோடு செய்யும் மாற்றத்தில்தான் கோப்புகள் தொலைகின்றன.

ஆவணக் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் போதுமா?

போதாது. பதிவிறக்கங்கள், படங்கள், காணொளிகள், மேசைத்திரை ஆகிய நான்கையும் உடன் எடுக்க வேண்டும். அவற்றோடு, சி வட்டின் வேரிலோ டி வட்டிலோ யாரோ எப்போதோ உருவாக்கிய ‘புதிய கோப்புறை (3)’ போன்றவற்றையும் தேட வேண்டும். எங்கள் ஊர் வீட்டுக் கணினிகளில் திருமணப் படங்கள் பெரும்பாலும் அத்தகைய பெயருள்ள இடங்களிலேயே கிடக்கின்றன.

மேசைத்திரையில் கவனிக்க வேண்டியது குறுக்குவழி. கீழ்மூலையில் சிறிய அம்புக்குறி கொண்ட படவுரு, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மட்டுமே. அதை நகலெடுத்தால் ஒன்றிரண்டு கிலோபைட் அளவுள்ள கைகாட்டிதான் புதிய கணினிக்குப் போகும். ஒரு தாயார் தம் மகளின் எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ்ப் படிகளை விரலியில் (பென்டிரைவில்) எடுத்துக்கொண்டதாக நம்பிப் பழைய கணினியை விற்றுவிட்டார். விரலியில் இருந்தவை ஆறு கைகாட்டிகள். நகலெடுத்த கோப்பின் அளவைப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எல்லாம் ஒன்டிரைவில் இருக்கிறதே, தனியாக நகலெடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்குச் சற்று நின்று விடை சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய விண்டோஸ் கணினியை முதன்முதலில் அமைக்கும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு ‘சரி’ என்று அழுத்திக்கொண்டே போனால், மேசைத்திரையும் ஆவணங்களும் படங்களும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவின் கோப்புறைக்குள் இடம் மாறியிருக்கக்கூடும். இலவசக் கணக்குக்கு 5 ஜிபி மட்டுமே உண்டு. அது நிரம்பிய பின் சேர்ந்த கோப்புகள் மேலே ஏறாமல் கணினியிலேயே நிற்கும். அதற்கு நேர்மாறாக, முன்பே ஏறிய சில கோப்புகள் கணினியில் இல்லாமல் பெயர் மட்டும் தெரியும்படி இருக்கும். ஆகவே ஒரே கோப்புறையில் சில கோப்புகள் இங்கேயும் சில கோப்புகள் அங்கேயும் இருக்க, உரிமையாளரோ எல்லாம் இரண்டு இடத்திலும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

கோப்பின் அருகில் மேகப் படம் இருந்தால் அது கணினியில் இல்லை என்று பொருள். இணைய இணைப்பு இருக்கும்போதே கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி, ‘எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு’ என்ற பொருள்படும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, எல்லா மேகங்களும் பச்சைக் குறிகளாக மாறும் வரை காத்திருந்து, அதன் பிறகு வெளி வன்தட்டுக்கு நகலெடுங்கள்.

கூகுள் டிரைவில் இன்னொரு சிக்கல் உண்டு. கூகுள் டாக்ஸில் எழுதிய ஆவணம் கணினியின் டிரைவ் கோப்புறையில் கோப்புபோலத் தோன்றினாலும், அதில் இருப்பது இணைய முகவரி மட்டுமே. உண்மையான ஆவணம் வேண்டுமானால் வேர்டு வடிவிலோ பிடிஎஃப் வடிவிலோ பதிவிறக்க வேண்டும். மொத்தமாக வேண்டுமானால் கூகுள் டேக்அவுட் சேவை அதைச் செய்து தரும். பள்ளி கொடுத்த கணக்கில் பிள்ளைகள் வைத்திருக்கும் வேலைகளையும் பள்ளியை விட்டு விலகும் முன் இறக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் அந்தக் கணக்கு உங்களுடையது அன்று.

வெளி வன்தட்டை எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது?

எக்ஸ்ஃபாட். வடிவம் என்பது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. விண்டோஸ், மேக், அண்மைய லினக்ஸ் மூன்றும் அதில் படிக்கவும் எழுதவும் செய்யும். ஃபாட்32 வடிவம் 4 ஜிபியை எட்டும் தனிக்கோப்பை ஏற்காது. மூன்று மணி நேரத் திருமணக் காணொளி அங்கேயே முட்டிக்கொள்ளும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டை மேக் படிக்கும், ஆனால் கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் வட்டை விண்டோஸ் தானாகத் திறக்காது. ஏற்கெனவே கோப்புகள் உள்ள வட்டின் வடிவத்தை மாற்றினால் அவை போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எக்ஸ்ஃபாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. என்டிஎஃப்எஸ்போல மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் நாட்குறிப்பு அதற்கு இல்லாததால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாலோ கம்பியைப் பிடுங்கினாலோ வட்டின் கோப்பு அட்டவணை சிதையலாம். நம் பக்கத்தில் பிற்பகல் இடிமழை கறுத்து வரும் நேரத்தில், மின்கலம் இல்லாத மேசைக் கணினியில் நகலெடுப்பைத் தொடங்காதீர்கள். காலையில் செய்யுங்கள், முடிந்ததும் ‘பாதுகாப்பாக அகற்று’ கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 2 டிபி விரலி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம். உள்ளே 32 ஜிபி சில்லை வைத்து, கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்ட விரலிகள் உண்டு. நகலெடுப்பு பிழையின்றி முடிந்ததுபோலவே தெரியும். கோப்புப் பெயர்களும் வரிசையாக நிற்கும். திறந்தால்தான் முதல் சில ஜிபிக்கு மேல் எதுவுமே இல்லை என்பது புரியும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் விரலியை முழுக்க நிரப்பிப் படித்துப் பார்த்து அதன் உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

இணையம் வழியாகவே அனுப்பிக்கொள்ளலாமே?

சிறிய அளவு என்றால் அனுப்பலாம். உங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகம் வினாடிக்கு 10 மெகாபிட் என்றால், 200 ஜிபி ஏறிமுடிக்க ஏறத்தாழ 44 மணி நேரம் தடையின்றி ஓட வேண்டும். அதே கோப்புகள் பழைய யுஎஸ்பி 2.0 வன்தட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். தோட்டப்பக்கத்தில் கைப்பேசி அலைவரிசையை நம்பியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

தமிழில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் புதிய கணினியில் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இந்தப் பக்கத்தில் மற்றவை எல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். இந்தக் கேள்வி மட்டும் நமக்கே உரியது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறி எனப்படும் யூனிகோடு பரவலாவதற்கு முன், தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களில் அமர்த்தப்பட்டன. கோப்பில் உண்மையில் சேமிக்கப்பட்டவை அந்த இடங்களின் எண்களே. அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது எழுத்துரு. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு வரிசை மென்பொருள்களில் பள்ளிகளும் சங்கங்களும் ஏராளமாகத் தட்டச்சு செய்தன. திஸ்கி, 1999இல் சென்னை மாநாட்டில் முன்வைக்கப்பட்ட டாப், டாம், இலங்கைத் தமிழர்களிடையே பரவிய பாமினி என்று பல குறியீட்டு முறைகள் ஒரே காலத்தில் புழங்கின. ஒரு முறையில் எழுதியதை இன்னொரு முறையின் எழுத்துருவில் திறந்தால் தமிழே வேறு தமிழாகிவிடும்; எழுத்துருவே இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும்.

தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தம் தோட்டத்துக் குடும்பங்களின் வரலாற்றை 2000களின் தொடக்கத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். பேரன் கணினியை லினக்ஸுக்கு மாற்றியபோது கோப்புகள் அனைத்தும் பத்திரமாக வந்து சேர்ந்தன, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. நல்ல வேளையாகப் பழைய வன்தட்டு இன்னும் வீட்டில் இருந்தது. அதன் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து லினக்ஸில் நிறுவியதும் வரலாறு கண்முன் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். அன்றைய மற்ற வேலைகள் தள்ளிப்போயின.

ஆகவே பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே மூன்றைச் செய்யுங்கள். முதலில், தமிழ் எழுத்துருக் கோப்புகள் அனைத்தையும் தனிக் கோப்புறையில் நகலெடுங்கள். பிறகு, முக்கியமான ஒவ்வோர் ஆவணத்தையும் பழைய கணினியிலேயே திறந்து, எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எந்தக் கணினியிலும் தோற்றம் மாறாமல் படிக்க அது உதவும். பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்த அழைப்பிதழ்களுக்கும் திருவிழா மலர்களுக்கும் இதுவே நம்பகமான வழி. மூன்றாவதாக, தொடர்ந்து திருத்தவோ தேடவோ வேண்டியவற்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் பழைய உரையை ஒட்டி, அது எந்த முறையில் எழுதப்பட்டது என்று தேர்ந்தெடுத்தால் ஒருங்குறி உரை கிடைக்கும். முறை எது என்று தெரியாவிட்டால் எழுத்துருவின் பெயரே துப்புக் கொடுக்கும்: பெயரின் தொடக்கத்தில் டிஎஸ்சி என்று இருந்தால் திஸ்கி, டாப் என்று இருந்தால் டாப்.

மாற்றிய உரையைக் கண்ணால் படித்துச் சரிபார்க்காமல் விடாதீர்கள். ஆவணத்தின் நடுவே இருக்கும் ஆங்கிலப் பெயர்களையும் அடையாள அட்டை எண்களை ஒட்டிய குறிகளையும் மாற்றி தமிழென்று நினைத்துக் குழப்பிவிடும்.

புதிய கணினியில் தமிழ்த் தட்டச்சு எப்படி?

மேக்கில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகை அமைப்புகளும் இயங்குதளத்தோடு வருகின்றன. லினக்ஸில் ஐபஸ் என்னும் தட்டச்சுக் கருவி வழியாக எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 கிடைக்கும். விண்டோஸ் 11இலும் தமிழ்99 உண்டு.

கோப்பின் பெயரே தமிழில் இருந்தால் சிக்கல் வருமா?

ஒருங்குறியில் வைத்த பெயர் என்றால் பொதுவாக வராது, ஆனால் இரண்டு விதிவிலக்குகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலாவது நீளம். விண்டோஸில் ஒரு பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம். லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 முறையிலோ எல்லை 255 பைட்டுகள். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு அங்கே 3 பைட்டுகள் ஆகின்றன. ‘சுப்பிரமணியர்’ என்பது கண்ணுக்கு 8 எழுத்துகள், கணினிக்கு 13 குறியீடுகள், லினக்ஸ் வட்டில் 39 பைட்டுகள். ஆகவே 85 குறியீடுகளைத் தாண்டிய பெயர் லினக்ஸுக்கு நகலாகாது. ‘அருள்மிகு’ என்று தொடங்கி ஆலயத்தின் முழுப்பெயரையும் விழாவின் பெயரையும் ஆண்டையும் உபயகாரர் பெயரையும் அடுக்கி வைக்கும் செயலாளர்கள் நம் வட்டாரத்தில் குறைவில்லை. பெயரைச் சுருக்கி, விவரத்தைக் கோப்பின் உள்ளே எழுதுங்கள்.

இரண்டாவது, பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறை. அது ‘பொங்கல்’ என்ற பெயரில் உள்ள ‘ொ’ குறியை ‘ெ’, ‘ா’ என இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். அந்தக் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்தால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ‘பொங்கல்’ கோப்பும் இதுவும் பார்வைக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும். தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. லினக்ஸில் உள்ள கான்வ்எம்வி என்ற கருவி பிரிந்த பெயர்களை ஒட்டுமொத்தமாகச் சேர்த்து வைக்கும்.

எதிர்த்திசையில், அதாவது லினக்ஸிலிருந்தோ மேக்கிலிருந்தோ விண்டோஸுக்குப் போகும்போது, பெயரில் வினாக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள்குறி போன்றவை இருக்கக் கூடாது. லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளப்படும் என்பதால், அங்கே அருகருகே இருந்த இரண்டு கோப்புகளில் ஒன்று விண்டோஸில் மற்றதன் மேல் எழுதப்படலாம்.

மின்னஞ்சல், புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் ஆகியவற்றை எப்படிக் கொண்டுபோவது?

உலாவியில் படிக்கும் மின்னஞ்சலுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதன் சுயவிவரக் கோப்புறையை முழுமையாக நகலெடுத்தால் மூன்று இயங்குதளங்களிலும் திறக்கலாம். விண்டோஸில் அது மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருப்பதால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி முதலில் அமைக்க வேண்டும். அவுட்லுக் மென்பொருள் அஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு லினக்ஸில் நேராகத் திறக்காது.

கடவுச்சொற்களை உலாவியிலிருந்து ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் கோப்பு, பூட்டில்லாத வெறும் உரை. வங்கிக் கணக்கு உட்பட எல்லாவற்றின் கடவுச்சொல்லும் யார் திறந்தாலும் படிக்கும்படி அதில் இருக்கும். புதிய கணினியில் இறக்குமதி செய்த உடனே அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். விரலியில் வைத்திருந்தால் அங்கிருந்தும் அழியுங்கள்.

வாட்ஸ்அப்?

உரையாடல்கள் கைப்பேசியில் இருக்கின்றன. புதிய கணினியை மீண்டும் இணைத்தால் போதும். கணினியில் பதிவிறக்கிய படங்களை மட்டும் தனியாக எடுங்கள்.

சங்கத்தின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடுகிறது. என்ன செய்வது?

அந்தக் கணினியை மாற்றாதீர்கள் என்பது என் கருத்து. மாற்றியே ஆக வேண்டுமானால், மென்பொருளின் உள்ளிருந்தே காப்புநகல் எடுத்து, எல்லா ஆண்டுகளின் பேரேட்டையும் எக்செல் வடிவிலும் பிடிஎஃப் வடிவிலும் ஏற்றுமதி செய்யுங்கள். எக்செல் கோப்புகளை லிப்ரேஆபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருள் திறக்கும். மேக்ரோக்கள் (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்புகள்) எழுதப்பட்டவை மட்டும் சில நேரங்களில் மக்கர் செய்யும். தணிக்கைக்குப் போக வேண்டிய மாதத்தில் இந்த வேலையைத் தொடங்கும் பொருளாளருக்கு என்னால் உதவ முடியாது.

அதே கணினியிலேயே லினக்ஸை நிறுவினால் கோப்புகள் தங்குமா?

‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்ற தெரிவை அழுத்தினால் தங்கா. அருகருகே நிறுவும் தெரிவு இருந்தாலும், வெளி வட்டில் முழு நகல் இல்லாமல் நிறுவியைத் தொடங்காதீர்கள்.

வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் என்னும் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் முன்பே பாருங்கள். பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், அல்லது விண்டோஸில் இருக்கும்போதே பூட்டை நீக்கிவிடுங்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, லினக்ஸிலிருந்து விண்டோஸ் வட்டில் எழுத முடியவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் விண்டோஸின் விரைவுத் தொடக்கம். அது கணினியை முழுமையாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் விடுவதால், லினக்ஸ் அந்த வட்டைப் படிக்க மட்டுமே திறக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அணைத்தால் தீரும்.

எல்லாம் சரியாக நகலாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? அளவு வேறுபடுகிறதே?

விண்டோஸில் 465 ஜிபி என்று காட்டும் அதே அளவை மேக் 500 ஜிபி என்று காட்டும். விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, மேக் 1000ஆல் வகுக்கிறது. எதுவும் கூடவில்லை, குறையவில்லை. ‘வட்டில் எடுத்துக்கொள்ளும் அளவு’ என்ற எண்ணும் வட்டுக்கு வட்டு மாறும். ஆகவே கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட்டுகளில் எழுதப்பட்ட முழு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

எண்கள் பொருந்தினாலும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு வகையிலும் சிலவற்றைப் புதிய கணினியில் திறந்து பாருங்கள்: மிகப் பழைய படம் ஒன்று, மிகப் பெரிய காணொளியின் கடைசி நிமிடம், தமிழ் ஆவணம் ஒன்று, கணக்கு ஏடு ஒன்று, ஐபோனில் எடுத்த படம் ஒன்று. ஐபோனின் எச்இஐசி படங்கள் சில கணினிகளில் கூடுதல் நிரல் இன்றித் திறக்கா என்பதும் அப்போதுதான் தெரிய வரும்.

படங்களின் தேதிகள் எல்லாம் இன்றைய தேதியாகிவிட்டனவே?

கோப்பு உருவான தேதி நகலெடுத்த தேதியாக மாறியிருக்கும். படம் எடுத்த தேதி, எண்ணியல் கேமராவும் கைப்பேசியும் எழுதி வைக்கும் எக்ஸிஃப் விவரத்தில் படத்தின் உள்ளேயே இருக்கிறது; படத்தொகுப்பு மென்பொருள்கள் அதைக் கொண்டே வரிசைப்படுத்தும். வருடி எடுத்த லயத்துக்காலப் படங்களுக்கு அந்த விவரம் கிடையாது. அவற்றின் ஆண்டைக் கோப்புப் பெயரிலேயே எழுதி வையுங்கள், அதுவும் ஆண்டு தெரிந்த பாட்டி வீட்டில் இருக்கும்போதே.

பழைய கணினியை எப்போது பிறருக்குக் கொடுக்கலாம்?

நான் மூன்று மாதம் என்று சொல்வேன். அதற்குள் வருமான வரிப் படிவம், பள்ளி விண்ணப்பம், ஆலயக் கூட்ட அறிக்கை என்று ஏதேனும் ஒன்றுக்காகப் பழைய கோப்பு தேவைப்பட்டு, விடுபட்டது எது என்று தெரிந்துவிடும். கொடுக்கும் முன் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, விண்டோஸின் மீட்டமைப்பில் எல்லாவற்றையும் நீக்கி வட்டையும் துப்புரவாக்கும் தெரிவைப் பயன்படுத்துங்கள். அப்படிச் செய்யும்போது நகல் இருக்கும் வெளி வன்தட்டு அந்தக் கணினியில் செருகப்பட்டிருக்கக் கூடாது. கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு வந்து தொடங்குங்கள்.